அறுபத்து நான்கு கட்டங்களும் ஓர் இருபது இலக்க எண்ணும்



உங்கள் இல்லத்துப் பிள்ளைகளிடம் சதுரங்கப் பலகை இருந்தால் அதனை எடுத்து முன்னே வையுங்கள். இல்லையெனில் ஒரு தாளில் எட்டுக்கு எட்டாகக் கோடிட்டு, அறுபத்து நான்கு கட்டங்கள் வரைந்து கொள்ளுங்கள். சதுரங்கம் ஆடுதல் கூடுமா, கூடாதா என்பதில் மார்க்கச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். அந்த வழக்கினுள் இங்கே நாம் நுழையவில்லை. நாம் ஆடப் போவதில்லை, எண்ணப் போகிறோம்.

சமையற்கட்டிலிருந்து ஒரு கைப்பிடிக் கோதுமை கொண்டு வாருங்கள். முதற் கட்டத்தில் ஒரு மணி. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் நான்கு. நான்காவதில் எட்டு. இவ்வாறு ஒவ்வொரு கட்டத்திலும் முந்தியதைப் போல் இருமடங்கு வைத்துக்கொண்டே செல்லுங்கள். முதல் வரிசையின் எட்டாம் கட்டத்தில் 128 மணிகள் இருக்கும். வரிசை முழுவதையும் கூட்டினால் 255. ஆயிரம் கோதுமை மணிகள் ஏறத்தாழ நாற்பது கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், இந்த 255 மணிகளின் எடை பத்தே கிராம். முற்றத்தில் வந்தமரும் குருவிகளுக்குக் கூட இது போதாது.

இரண்டாம் வரிசை முடியும்போது மொத்தம் 65,535 மணிகள். இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். மூன்றாம் வரிசை முடிவில் 671 கிலோ. நூறு கிலோ மூட்டையில் ஏழு மூட்டை கூட இல்லை. நான்காம் வரிசை, அதாவது பலகையின் சரிபாதி, நிறையும்போது 172 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் பதினேழு வந்தால், ஏறக்குறைய அத்தனையும் ஏற்றிச் சென்றுவிடலாம். பாதிப் பலகை தீர்ந்துவிட்டது; போனது பதினேழு லாரிக் கோதுமை. ஒரு சிற்றரசன் கூட முகஞ்சுளிக்காமல் கொடுத்துவிடக் கூடிய அளவுதான் இது. இந்த எண்ணின் சூது அனைத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பாதி வழி கடந்தவன் மீதிப் பாதியும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறான்.

ஐந்தாம் வரிசை முடிவில் மொத்தம் 44,000 டன்னை நெருங்கும். ஆறாம் வரிசை முடிவில் ஒரு கோடியே பன்னிரண்டு இலட்சம் டன்னைத் தாண்டும். ஐம்பத்து நான்காம் கட்டம் நிரம்பும்போது 72 கோடி டன். இக்காலத்தில் உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் கோதுமையே ஏறத்தாழ 80 கோடி டன்தான். எனவே உலகத்தின் ஒரு போகம் கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அடுத்துள்ள ஐம்பத்தைந்தாம் கட்டம் தனியாகவே இன்னொரு 72 கோடி டன் கேட்கிறது. அதற்குப் பின்னும் ஒன்பது கட்டங்கள் வாய் திறந்து காத்திருக்கின்றன!

அறுபத்து நான்கு கட்டங்களும் நிறைந்தால் சேரும் மணிகளின் எண்ணிக்கை இது:

1,84,46,74,40,73,70,95,51,615

நம் முறையில் வாசித்தால் 1,84,467 கோடி கோடியும், 44,07,370 கோடியும், 95,51,615-ம் ஆகும். எடையில் 73,000 கோடி டன்னுக்கு மேல். இன்றைய உலக விளைச்சல் முழுவதையும் ஒரு மணி கூட உண்ணாமல் தொள்ளாயிரம் ஆண்டுகள் சேர்த்தாலன்றி இக்கடன் தீராது.

நம்ப மறுத்த காழி

இக்கணக்கோடு சேர்ந்து வழங்கும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்திய நாட்டு ஞானி ஒருவர் சதுரங்கத்தைக் கண்டுபிடித்து அரசனிடம் கொண்டு சென்றார்; அரசன் மகிழ்ந்து வேண்டியதைக் கேள் என்றான்; ஞானியோ கட்டத்துக்குக் கட்டம் இரட்டிக்கும் தானியத்தைக் கேட்டார். இது வரலாறு அன்று, கதையே. எனினும் பழைமையான கதை. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்யஃகூபியின் நூலிலேயே இதன் ஒரு வடிவம் காணக் கிடைக்கிறது.

இதனை மிகச் சுவைபடத் தந்தவர் இப்னு கல்லிகான். ஹிஜ்ரி 608-இல் (கி.பி. 1211) இர்பிலில் பிறந்து, திமிஷ்கு நகரின் தலைமைக் காழியாக விளங்கி, ஹிஜ்ரி 681-இல் (கி.பி. 1282) மறைந்த இப்பெரியார், சான்றோர் பலரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து எழுதிய ‘வஃபயாத்துல் அஃயான்’ உலகப் புகழ் பெற்றது. அதில் புகழ்பெற்ற சதுரங்க ஆட்டக்காரரான அபூபக்ர் அஸ்ஸூலியின் வரலாறு வருகிறது. ஸூலியே சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் என்று மக்கள் நம்பி வந்ததை மறுக்கப் புகுந்த ஆசிரியர், அதனைச் செய்தவர் ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்னும் இந்தியர், செய்தது ஷிஹ்ராம் என்னும் அரசனுக்காக என்று கூறி, கோதுமைக் கதைக்குள் நுழைகிறார். கேட்ட பொருள் இத்தனை அற்பமா என்று அரசன் முதலில் இகழ்கிறான். கருவூலக் கணக்கர்கள் கூட்டிப் பார்த்து, நாட்டிலுள்ள கோதுமை முழுவதும் போதாது என்று வந்து சொல்கின்றனர். நீர் கண்டுபிடித்த ஆட்டத்தை விட இந்தக் கோரிக்கையே வியப்புக்குரியது என்னும் பொருள்பட அரசன் பேசுவதோடு கதை முடிகிறது.

கதை முடிந்த பின் அவர் எழுதியிருப்பதுதான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. தமக்கே இக்கணக்கில் ஐயம் இருந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். எண்ணிக்கை அவ்வளவு பெரிதாகுமா என்று அவர் மனம் ஒப்பவில்லை. சாட்சியின்றித் தீர்ப்பளிக்காதவர் அல்லவா! பின்னர் அலெக்சாந்திரியா நகரத்துக் கணக்கர் ஒருவரைச் சந்திக்கிறார். அக்கணக்கர் இருபது இலக்கங்களை எழுதி நீட்டவில்லை. அப்படி நீட்டியிருந்தால் காழியின் ஐயம் தீர்ந்திருக்காது. அவர் அளவைகளைக் கொண்டு பேசினார்.

பதினாறாம் கட்டத்தில் விழுவது 32,768 மணிகள். அதை ஒரு கதஹ், அதாவது ஒரு சிறு படி, என்று கொண்டார். அங்கிருந்து மணிகளை மறந்துவிட்டுப் படிகளை மட்டும் இரட்டித்தார். இருபதாம் கட்டத்தில் பதினாறு படிகள். அது ஒரு வைபா. ஆறு வைபா கொண்டது ஓர் இர்தப். இனி வைபாவையும் மறந்து இர்தபில் எண்ணினார். நாற்பதாம் கட்டத்தில் 1,74,762 இர்தபும் மூன்றில் இரண்டு பங்கும் வந்தன. இவ்வளவையும் ஒரு களஞ்சியம் கொள்ளும் என்றார். இனிக் களஞ்சியங்கள் மட்டும் இரட்டிக்கும். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். இத்தனை களஞ்சியங்கள் உள்ள இடம் ஒரு நகரமாகத்தானே இருக்க வேண்டும்? எனவே நகரங்களை இரட்டித்தார். அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! உலகில் இதற்கு மேல் நகரங்கள் இல்லை என்பது தங்களுக்கே தெரியும் என்று முடித்தார். காழியின் ஐயம் தீர்ந்தது.

வாசகர்களே, இக்கணக்கைத் தாளும் பேனாவும் கொண்டு நான் சரிபார்த்தேன். ஒரு வைபாவுக்குப் பதினாறு கதஹ், ஓர் இர்தபுக்கு ஆறு வைபா என்ற கணக்கில், நாற்பதாம் கட்டத்து எண் மூன்றில் இரண்டு பங்கு என்னும் பின்னம் வரை பிசகாமல் வருகிறது. அந்தக் கணக்கர் கையாண்டவை யாவும் அவருடைய ஊர்ச் சந்தையில் நாள்தோறும் புழங்கிய அளவைகளே. ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும். 16,384 நகரங்கள் என்பது கடைசி ஒரு கட்டத்துக்கு உரியது. பலகை முழுவதற்குமான கணக்கு ஏறத்தாழ அதன் இருமடங்கு.

ஐந்தே பெருக்கல்கள்

அறுபத்து மூன்று முறை இரட்டித்து, பின் அறுபத்து நான்கு எண்களைக் கூட்டுவது யாருக்கும் சலிப்புத் தரும் வேலை. இடையில் ஓர் இலக்கம் தவறினால் பின்னால் வரும் அத்தனையும் தவறு. இக்கேள்வி அக்காலத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குத் திமிஷ்கில் வாழ்ந்த அபுல் ஹஸன் அல்உக்லீதிஸீ சான்று. ஹிஜ்ரி 341-இல் (கி.பி. 952-53) அவர் எழுதிய நூல், இந்திய எண்முறையை விளக்கும் அரபு நூல்களுள் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றில் ஒன்று. ஒன்றை முப்பது முறை இரட்டித்தால் என்ன, அறுபத்து நான்கு முறை இரட்டித்தால் என்ன என்று மக்கள் பலர் கேட்பதாக அவர் அதில் குறிப்பிட்டு வழி கூறுகிறார். இந்திய எண்முறை நூலில் இக்கேள்வி இடம் பெற்றது பொருத்தமே. இடத்தைக் கொண்டு மதிப்பு மாறும் பத்து உருக்களும், அவற்றுள் ஒன்றாகிய சுழியமும் இல்லாதிருப்பின், இருபது இலக்க எண்ணை ஒரே வரியில் எழுதுவது எங்ஙனம்?

குறுக்கு வழியை அழகுற விளக்கியவர் அபூ ரைஹான் அல்பிரூனி. குவாரிஸ்மில் கி.பி. 973-இல் பிறந்த இம்மேதை, ஏறத்தாழ கி.பி. 1000-இல், தம் இருபத்தேழாம் வயதை ஒட்டி எழுதிய ‘அல்ஆஸாருல் பாகியா’ என்னும் நூலில் இக்கணக்கைக் கையாள்கிறார். அவர் கண்ட விதிகள் இரண்டு. உங்கள் பலகையிலேயே சோதித்துப் பாருங்கள்.

முதல் விதி: ஒரு கட்டத்தின் எண்ணை அதனாலேயே பெருக்கினால், ஏறக்குறைய இருமடங்கு தொலைவிலுள்ள ஒரு கட்டத்தின் எண் கிடைக்கும். மூன்றாம் கட்டத்தில் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. அது ஐந்தாம் கட்டம். 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256; ஒன்பதாம் கட்டம். 256-ஐ அவ்வாறே பெருக்கினால் 65,536, பதினேழாம் கட்டம். மீண்டும் பெருக்கினால் 4,29,49,67,296. முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒரு முறை பெருக்கினால் அறுபத்தைந்தாம் கட்டம். அப்படியொரு கட்டம் பலகையில் இல்லையே என்கிறீர்களா? இல்லைதான். அங்கேதான் இரண்டாம் விதி வருகிறது. எந்தக் கட்டம் வரை கூட்டினாலும், வரும் தொகை அடுத்த கட்டத்தின் எண்ணை விட ஒன்று குறைவாகவே இருக்கும். 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7. அடுத்த கட்டம் 8. ஆகவே இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் பலகை முழுவதன் தொகையும் வந்துவிடுகிறது. அறுபத்து மூன்று இரட்டிப்புகளும் நீண்டதொரு கூட்டலும், ஐந்து பெருக்கலும் ஒரு கழித்தலுமாகச் சுருங்கிவிட்டன.

விடை கண்டதோடு அல்பிரூனி நிற்கவில்லை. இதன் பருமனை மனக்கண்ணால் காண ஒரு வழியும் சொன்னார். அவர் தானியத்தை விட்டுப் பணப்பைகளைக் கொண்டு கணக்கிட்டார். பத்தாயிரம் கொண்டது ஒரு பை. எட்டுப் பை ஒரு கோவேறு கழுதையின் சுமை. பத்தாயிரம் கழுதைகள் ஒரு மந்தை. ஓர் ஆற்றங்கரையில் ஆயிரம் மந்தைகள் மேய்கின்றன. ஒரு மலையிலிருந்து பத்தாயிரம் ஆறுகள் புறப்படுகின்றன. அப்படிப்பட்ட மலைகள் 2,305 இருந்தால்தான் இத்தொகையைச் சுமக்க இயலும்! அலெக்சாந்திரியாக் கணக்கர் நகரங்களைக் காட்டினார். அல்பிரூனி மலைகளைக் காட்டினார். இருவருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தும், இருவரும் கண்ட தேவை ஒன்றே.

உங்கள் முன்னோர் எத்தனை பேர்?

இனி, கோதுமையை அள்ளி வைத்துவிட்டு, அதே பலகையில் உங்கள் குடும்பத்தை வைத்துப் பாருங்கள். முதற் கட்டத்தில் நீங்கள். இரண்டாவதில் உங்கள் தாய், தந்தை இருவர். மூன்றாவதில் பாட்டன் பாட்டிமார் நால்வர். நான்காவதில் அவர்தம் பெற்றோர் எண்மர். இங்கும் இரட்டிப்பே. அறுபத்து நான்காம் கட்டம் என்பது உங்களுக்கு அறுபத்து மூன்று தலைமுறை முந்தியது. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று வைத்தால் 1,575 ஆண்டுகள். அப்படியாயின் உங்களையும் உங்கள் முன்னோரையும் கூட்டிய தொகை, நாம் மேலே கண்ட அதே இருபது இலக்க எண், ஒன்று கூடாமல் குறையாமல்!

ஆனால் மனித இனம் தோன்றிய நாள் தொட்டு இன்று வரை பிறந்தோர் யாவரும் சேர்ந்தே ஏறத்தாழ 11,700 கோடிதான் என்பது மக்கள்தொகை அறிஞர்களின் ஒரு மதிப்பீடு. 1,84,467 கோடி கோடி எங்கே, 11,700 கோடி எங்கே! கணக்கு பொய்யா? கணக்கு பொய்யன்று. அஃது இடங்களை எண்ணுகிறது, ஆட்களை எண்ணவில்லை. ஒரே மனிதர் பல இடங்களில் அமர்ந்திருக்கிறார்.

நம் குடும்பங்களில் இதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாமன் மகளை, மாமி மகனை மணக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அண்ணன் மகனும் தங்கை மகளும் மணந்து பெற்ற குழந்தைக்குப் பாட்டன் பாட்டிமார் நால்வர்தாம், அதில் குறைவில்லை. ஆனால் அந்த நால்வருள் அண்ணனும் தங்கையும் ஒரே பெற்றோரின் மக்கள். எனவே அக்குழந்தையின் நான்காம் கட்டத்தில் எண்மருக்குப் பதில் அறுவரே இருப்பர். இருவர் இரண்டிரண்டு இடங்களில் அமர்ந்துவிட்டனர். ஒரு திருமணத்திலேயே இவ்வாறெனில், அறுபத்து மூன்று தலைமுறையில், உறவென்று நினைவில் இல்லாத உறவுகளுக்குள் நடந்த திருமணங்கள் எத்தனை! மேலே செல்லச் செல்ல ஒரே முன்னோர் ஆயிரம் இடத்திலும் இலட்சம் இடத்திலும் வந்து அமர்கின்றனர். உங்கள் பலகையில் அமர்ந்திருப்போர் என் பலகையிலும் அமர்ந்திருப்பர். உங்கள் அண்டை வீட்டார் பலகையிலும் அமர்ந்திருப்பர்.

இடம் வேறு, ஆள் வேறு என்னும் இந்த உண்மையை மறைத்து வாழ்வோரும் உண்டு. பணம் கட்டிச் சேர்ந்து, நீங்கள் இருவரைச் சேர்த்துவிட்டால் போதும், அவர்கள் இருவர் இருவராகச் சேர்ப்பர் என்று சொல்லி வீட்டுப் பெண்களின் சேமிப்பை வாங்கிச் செல்லும் திட்டங்களைத்தான் சொல்கிறேன். படம் வரைந்து காட்டுகையில் பத்துப் படி வரைதான் வரைவார்கள். 1,023 பேர், ஒரு சிற்றூரில் கிடைத்துவிடுவார்கள் என்று தோன்றும். முப்பத்து மூன்றாம் படியில் மொத்தம் 858 கோடியைத் தாண்டுகிறது. உலகில் இன்று வாழ்வோர் அத்தனை பேர் இல்லை. அடிமட்டப் படியில் நிற்போரோ எப்போதும் மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல். எந்தப் படியில் நின்று போனாலும் பாதிப் பேருக்குக் கீழே எவரும் இருக்க மாட்டார். இதுவும் அல்பிரூனியின் இரண்டாம் விதியே.

எண்ணின் உள்ளே

எண்ணின் பருமனைப் பார்த்தோம். அதன் உள்ளமைப்பு அதைவிட அழகு. இதை எதெதனால் மீதியின்றி வகுக்கலாம்?

இலக்கங்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள்: 87 வரும். 87 மூன்றால் வகுபடும். எனவே எண்ணும் மூன்றால் வகுபடும். கடைசி இலக்கம் 5. எனவே ஐந்தாலும் வகுபடும். பலகையில் இதைக் கண்ணால் காணலாம். முதல் வரிசையின் தொகை 255. அடுத்த ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையைப் போல் 256 மடங்கு. ஆகவே பலகை முழுவதும் 255-இன் மடங்கு. 255 என்பதோ 3, 5, 17 ஆகிய மூன்றன் பெருக்கம். மூவருக்கோ, ஐவருக்கோ, பதினேழு பேருக்கோ இக்கோதுமையைப் பங்கிட்டால் ஒரு மணியும் மிஞ்சாது. எழுவருக்குப் பங்கிட்டால் சரியாக ஒரே ஒரு மணி மிஞ்சும்.

இனி அல்பிரூனி ஏறிய படிகளை நினைவுகூருங்கள்: 2, 4, 16, 256, 65,536, 4,29,49,67,296. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297. இந்த ஆறையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நம் எண் அப்படியே வந்து நிற்கும்! மூவைந்து பதினைந்து, அது பதினாறில் ஒன்று குறைவு. அதைப் பதினேழால் பெருக்கினால் 255. அது 256-இல் ஒன்று குறைவு. அதை 257-ஆல் பெருக்கினால் 65,535. இப்படியே மேலே செல்கிறது. விளையாட்டாகத் தொடங்கிய பலகைக்குள் இத்தகைய ஒழுங்கு இருப்பதைப் பெருக்கிப் பார்ப்பவரே சுவைப்பர். என் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இந்த ஆறு எண்களுள் முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது தம்மாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை. பிரெஞ்சு நாட்டுச் சட்ட அறிஞரும் கணித மேதையுமான ஃபெர்மா, 1640-ஐ ஒட்டி, இவ்வரிசையில் வரும் யாவும் பகா எண்களே என்று கருதினார்.  1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். 4,29,49,67,297 என்பது 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கி வருவது. கண்மூடித்தனமாகத் தேடிக் கிடைக்கும் விடையன்று இது. அந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் மீதி ஒன்று தருவதாகவே இருக்க வேண்டும் என்பதை ஆய்லர் நிறுவியிருக்கிறார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவதிலேயே கதவு திறந்துவிடுகிறது. ஒரு பெரும் மேதையின் கருத்து இப்படி ஐந்து வகுத்தல்களில் சாய்ந்தது. ஃபெர்மாவின் பெருமை இதனால் குன்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, சதுரங்க எண் ஏழு பகா எண்களின் பெருக்கம்: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒன்றேனும் இருமுறை வரவில்லை. எனவே அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128.

ஃபெர்மாவின் ஐந்து பகா எண்கள் வடிவ கணிதத்தில் இன்னொரு வியப்பைக் காட்டின. 1796-இல், பத்தொன்பது வயது கூட நிரம்பாத காஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு பதினேழு சமபக்க உருவை அமைக்க இயலும் என்று நிறுவினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட எந்த ஒழுங்கு உருவை இவ்வாறு அமைக்கலாம் என்பதற்கும் விடை கிடைத்தது: பக்கங்களின் எண்ணிக்கை இத்தகைய பகா எண்களை ஒவ்வொரு முறையே பெருக்கி வருவதாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் இயலாது என்பதை வான்ட்செல் என்பவர் 1837-இல் உறுதி செய்தார். இதுவரை அறியப்பட்ட அத்தகைய பகா எண்கள் இந்த ஐந்தே. ஐந்தையும் பெருக்கினால் வருவது 4,29,49,67,295. இந்த எண்ணை எங்கோ கண்டதாகத் தோன்றுகிறதா? நம் பலகையின் முதற்பாதியில், பதினேழு லாரிகளில் ஏறிய கோதுமை மணிகளின் எண்ணிக்கை அதுவே!

அறுபத்து நான்கு விளக்குகள்

1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று கம்பங்களில் வட்டத் தட்டுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்ற வேண்டும். பெரிய தட்டைச் சிறியதன் மேல் வைக்கலாகாது. காசியில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளை இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அது முடிந்ததும் உலகம் அழியும் என்றொரு கதையும் அதனுடன் பரவியது. அது விளையாட்டை விற்கப் புனைந்த கட்டுக்கதை. ஆயினும் அறுபத்து நான்கு தட்டுகளை மாற்றத் தேவையான அசைவுகள் நம் எண்ணேதான். நொடிக்கு ஓர் அசைவு என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.

இன்று இந்த எண் கதையில் மட்டும் வாழவில்லை. உங்கள் வீட்டுக் கணினியிலும், கையிலுள்ள கைபேசியிலும் இருக்கிறது. கணினி எண்களை விளக்குகளைப் போல எழுதுகிறது. எரிந்தால் ஒன்று, அணைந்தால் சுழியம். முதல் விளக்கின் மதிப்பு 1, இரண்டாவதன் மதிப்பு 2, மூன்றாவதன் மதிப்பு 4. சதுரங்கக் கட்டங்களேதான்! இக்காலக் கணினிகள் ஒரு நேரத்தில் அறுபத்து நான்கு விளக்குகளைக் கையாள்கின்றன. அத்தனையும் எரிந்தால் அது காட்டும் எண், ஸிஸ்ஸா கேட்ட கோதுமை மணிகளின் எண்ணிக்கை.

முன்பு பல இடங்களில் முப்பத்திரண்டு விளக்குகளே போதும் என்று இருந்தனர். அவற்றுள் ஒன்றைக் கழித்தற்குறிக்கு ஒதுக்கினால் மீதி முப்பத்தொன்று. முதல் முப்பத்தொரு கட்டங்களின் தொகை 2,14,74,83,647. இதுவே போதும் என்ற நம்பிக்கையில் யூடியூப் தளம் தன் பார்வைக் கணக்கை அமைத்திருந்தது. கொரிய நாட்டுப் பாடல் ஒன்றின் பார்வைகள் அந்த எல்லையைத் தாண்டிச் செல்லவே, 2014 டிசம்பரில் அறுபத்து நான்கு விளக்கு முறைக்கு மாறியதாக அத்தளம் அறிவித்தது. பழைய கணினிகள் பலவற்றில் காலத்தை எண்ணும் கடிகாரத்துக்கும் இதே எல்லை உண்டு. 1970-ஆம் ஆண்டின் முதல் நொடியிலிருந்து எண்ணத் தொடங்கியது, 2038 ஜனவரி 19-இல் தன் முப்பத்தொரு கட்டங்களையும் நிரப்பிவிடும். அதற்குள் மாற்றப்படாதவை நாள் தவறிக் காட்டும். அறுபத்து நான்குக்கு மாறியவற்றுக்கு அக்கவலை இல்லை.

அறுபத்து நான்கு விளக்குகளும் எரிந்து நிற்கும் நிலையில் மேலும் ஒன்றைக் கூட்டினால், அறுபத்தைந்தாம் விளக்கு இல்லாமையால் அத்தனையும் ஒரே கணத்தில் அணைந்து, எண்ணி சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் நொடிக்கு நூறு கோடி வீதம் ஓயாமல் எண்ணினாலும் அந்நிலையை அடைய 584 ஆண்டுகள் ஆகும்.